பிரையன் லீமாவின் ஐந்து உலகக் கோப்பைகள்

2003 நவம்பர் 1. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம். தென்னாப்பிரிக்காவின் இருபது வயது வீரர் டெரிக் ஹௌகார்டை நோக்கி ஒரு பந்து வருகிறது. கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் சோம்பலாக மிதந்து வருகிற பந்து. ஹௌகார்டின் கண் அதன் மேலேயே இருக்கிறது. பந்து கைக்கு எட்டும் அதே கணத்தில், எங்கிருந்து வந்தார் என்றே தெரியாமல், நீல ஜெர்சிக்காரர் ஒருவர் அவர் மேல் வந்து மோதுகிறார். தட்டிவிட்ட சீட்டுக்கட்டு போல ஹௌகார்ட் மல்லாந்து விழுகிறார். வர்ணனையாளர்களுக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை.

மோதியவர் பிரையன் லீமா. சமோவாக்காரர். அப்போது வயது 31. ரக்பியின் மிகக் கடுமையான 'டேக்கிள்'கள் என்று யார் தொகுப்பு போட்டாலும் இந்தக் காட்சி அதில் இருக்கும். இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து வாய் பிளப்பவர்களில் எத்தனை பேருக்கு அன்றைய ஆட்டத்தின் முடிவு தெரியும்? தென்னாப்பிரிக்கா 60, சமோவா 10.

லீமாவின் விளையாட்டு வாழ்க்கையை அந்தக் காணொளியை வைத்துப் படிக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதை அந்த 60-10ஐ வைத்துப் படிக்கப் பார்க்கிறது.

1991, 1995, 1999, 2003, 2007. இந்த ஐந்து உலகக் கோப்பைகளிலும் லீமா ஆடினார். ஐந்தில் ஆடிய முதல் மனிதர் அவர்தான். 1991ல் களமிறங்கியபோது 19 வயது. அந்தத் தொடரிலேயே மிக இளையவர். 2007ல் 35. இந்த ஐந்து தொடர்களிலும் அவருடைய நாடு எதுவரை போனது என்பதை வரிசையாகப் பாருங்கள். 1991ல் காலிறுதி. 1995ல் காலிறுதி. 1999ல் காலிறுதிக்கு முந்தைய தகுதி ஆட்டத்தில் தோல்வி. 2003ல் முதல் சுற்றோடு வெளியேற்றம். 2007லும் முதல் சுற்றோடு வெளியேற்றம், நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. வீரருக்குப் பேர் ஏற ஏற, அணி படிப்படியாக இறங்கியிருக்கிறது.

இந்த இறக்கத்துக்கு நடுவில் ஒரு தேதி இருக்கிறது: 1995 ஆகஸ்ட் 26. அன்றுதான் சர்வதேச ரக்பி வாரியம் பாரிஸ் நகரில் கூடி, இனி ரக்பி யூனியன் (இந்தக் கட்டுரை பேசுகிற ரக்பி வகை) ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. அதுவரை அது சட்டப்படி பொழுதுபோக்கு. அன்றுமுதல் தொழில். லீமாவின் பதினாறு ஆண்டுகள் சரியாக இந்தக் கோட்டின் இரு பக்கமும் கிடக்கின்றன. தொழிலானதால் வீரர்கள் பிழைத்தார்கள். நாடு ஏன் தேய்ந்தது?

ரக்பி அறியாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்தால் அது 'ட்ரை'. பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீசலாம், முன்னால் வீசக்கூடாது. பந்து வைத்திருப்பவனைப் பிடித்துக் கீழே தள்ளுவது டேக்கிள். லீமா ஓரத்தில் ஓடும் 'விங்' ஆட்டக்காரராகத் தொடங்கி, பிறகு நடுவில் ஆடும் 'சென்டர்' ஆனார். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சமோவா பசிபிக் கடலில் உபோலு, சவாயி என்ற இரண்டு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் கொண்ட நாடு. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்தின் கைக்குப் போய், 1962ல் விடுதலை பெற்றது. 1997 வரை பெயர் மேற்கு சமோவா. ரக்பியை அங்கே கொண்டுவந்தவர்கள் 1920ல் மாரிஸ்ட் சபைத் துறவிகள். 1924 ஆகஸ்டில் தலைநகர் ஆப்பியாவில் ஃபிஜியோடு முதல் சர்வதேச ஆட்டம். ஆட்டம் காலை 7 மணிக்கு! சமோவா வீரர்கள் ஆடி முடித்துவிட்டு வேலைக்குப் போகவேண்டும். மைதானத்துக்குள் ஒரு மரமும் நின்றதாம். ஃபிஜி 6-0 என்று ஜெயித்தது. அடுத்த மாதம் நடந்த மறு ஆட்டத்தில் சமோவா 9-3 என்று திருப்பிக் கொடுத்தது.

வேலைக்கு முன் ஆடுகிற இந்தப் பழக்கம் ஒருவகையில் 1991 வரை நீடித்தது. 1987ல் முதல் உலகக் கோப்பை நடந்தபோது, அழைப்பின் பேரில் 16 நாடுகள் கலந்துகொண்டன. ஃபிஜிக்கு அழைப்பு போனது, டோங்காவுக்குப் போனது. சமோவாவுக்குப் போகவில்லை. அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. 1991க்குத் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தார்கள். அணித்தலைவர் பீட்டர் ஃபாத்தியாலோஃபாவுக்கு ஆக்லாந்தில் பியானோ தூக்கும் தொழில், அதாவது வீடு மாறுகிறவர்களின் பியானோவைச் சுமந்து இறக்கி ஏற்றுகிற வேலை. மற்றவர்களும் ஏதோ ஒரு வேலையிலிருந்து விடுப்பு சொல்லிவிட்டு வந்தவர்கள்தான். தொழில்நுட்ப ஆலோசகராக வந்தவர் பிரையன் வில்லியம்ஸ். சமோவா வம்சாவளியில் பிறந்து நியூசிலாந்துக்காக ஆடிப் பெயர் வாங்கியவர். இந்தக் கூட்டத்தில் ஆப்பியாவின் மாரிஸ்ட் கிளப்பிலிருந்து வந்த பையன் லீமா.

அக்டோபர் 6ம் தேதி கார்டிஃப் நகரில் வேல்ஸை 16-13 என்று வீழ்த்தினார்கள். ரக்பியை மதம் போலக் கொண்டாடுகிற வேல்ஸில், அவர்கள் சொந்த மைதானத்தில், முதல் முறை உலகக் கோப்பைக்கு வந்த அணி! "நல்லவேளை, மேற்கு சமோவாதான் வந்தது, முழு சமோவாவும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று வேல்ஸ்காரர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்ட ஜோக் இன்றும் உயிரோடு இருக்கிறது. கார்டிஃபில் பிற்பகல் என்றால் ஆப்பியாவில் விடியாத நேரம். மைதானத்தில் பெரிய திரை கட்டி ஊரே விழித்திருந்து பார்த்தது. நேர்மையாகச் சொன்னால், டோவோ வாயேங்காவின் ட்ரையில் பந்தை முதலில் தொட்டது அவர்தானா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. நடுவர் கொடுத்துவிட்டார், முடிந்தது.

அடுத்து, அந்த ஆண்டு கோப்பையையே தூக்கப்போகிற ஆஸ்திரேலியாவிடம் வெறும் 9-3 என்று தோற்றார்கள். அர்ஜென்டினாவை 35-12 என்று நொறுக்கினார்கள். காலிறுதியில் ஸ்காட்லாந்திடம் 28-6 என்று முடிந்தது. லீமா ஆடிய ஐந்து தொடர்களில் நான்கில் சமோவாவை வீழ்த்திய அணிகளில் ஒன்று அந்தத் தொடரின் சாம்பியன் ஆகியிருக்கிறது: 1991ல் ஆஸ்திரேலியா, 1995ல் தென்னாப்பிரிக்கா, 2003ல் இங்கிலாந்து, 2007ல் மறுபடி தென்னாப்பிரிக்கா. இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், தலையெழுத்தாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

1991ல் சமோவா ஜெயித்ததற்குத் திறமை ஒரு காரணம். சொல்லப்படாத இன்னொரு காரணம், எதிரில் நின்றவர்களும் சம்பளம் இல்லாதவர்கள். வேல்ஸ் வீரனும் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டியவன்தான். பயிற்சி நேரம், மருத்துவர், சாப்பாடு, எதிரணியின் ஆட்டத்தை அலசுகிற ஆட்கள் என்று பணம் வாங்கித் தருகிற எதுவும் அப்போது பெரிய அளவில் இல்லை. பணம் வேலை செய்யாத இடத்தில் உடம்பும் துணிச்சலும் ஒற்றுமையும் ஏறக்குறைய சமமாக எடை போடப்பட்டன. அந்தத் தராசில் சமோவா கனத்தது.

1995ல் பணம் உள்ளே வந்தது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, ரூப்பர்ட் முர்டாக்கின் நிறுவனத்துக்குப் பத்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 55.5 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றன. அந்தப் பணத்தில் பிறந்தது 1996ன் சூப்பர் 12 போட்டி. அதற்கு முன்னால் 1993 முதல் நடந்த சூப்பர் 10 போட்டியில் பசிபிக் தீவுகளுக்கு ஓர் இடம் இருந்தது. முதல் இரண்டு ஆண்டும் அந்த இடத்தில் ஆடியது மேற்கு சமோவா. இடங்கள் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தபோது, இருந்த அந்த ஓர் இடம் காணாமல் போனது. 2 லட்சம் பேர் உள்ள தீவில் எத்தனை தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும், எந்த விளம்பரதாரர் வருவார்? கணக்குப் போட்டவர்களுக்கு அது சரியாக வந்தது. சமோவா ரக்பியின் பிற்கால வரலாற்றை ஒரே முடிவில் அடக்கச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். உள்ளூரில் சம்பளம் தரும் அணி கிடையாது என்று ஆனதும், தொழில்முறை ஆட்டக்காரனாக விரும்புகிற ஒவ்வொரு சமோவா இளைஞனும் நாட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

லீமாவும் கிளம்பினார். நியூசிலாந்தில் ஆக்லாந்துக்காகவும், சூப்பர் 12ல் ஹைலேண்டர்ஸ் அணிக்காகவும் ஆடினார். ஜப்பானில் நிறுவன அணிகளுக்கு ஆடினார். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அணிக்கு. இந்தப் பாதையை ஒரு வரைபடத்தில் வரைந்தால், லீமாவுடையது என்று தனியாகத் தெரியாது. அவருடைய தலைமுறையில் ஐம்பது பேரின் பாதை இதுதான்.

வெளிநாட்டுக் கிளப்பில் ஆடும் சமோவா வீரனின் சம்பளம் அவனுடையது மட்டும் இல்லை. சமோவாவில் குடும்பம் என்பதற்கு 'ஆயிஙா' என்று பெயர். பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட மாமன் எல்லாரும் அதற்குள் அடக்கம். கல்யாணம், சாவு, பட்டம் கட்டும் விழா, தேவாலயக் கட்டடம் என்று வரும் பெரிய செலவுகளுக்கு எல்லாரும் கைகொடுக்க வேண்டும். இதற்கு 'ஃபாஅலாவெலாவே' என்று பெயர். மறுக்கலாம். மறுத்தால் ஊரில் முகம் காட்ட முடியாது. மொய் நோட்டு எழுதுகிற ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நாட்டின் பொருளாதாரத்தையே வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் பெருமளவு தாங்குகிறது. ரக்பி வீரன் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் அதிகமாக அனுப்பக்கூடியவன், அவ்வளவுதான்.

இங்கே மொழி பற்றி ஒரு சின்ன விலகல். சமோவா மொழியில் 'ஜி' என்ற ரோமன் எழுத்துக்கு உச்சரிப்பு நம்முடைய 'ங'. அரிச்சுவடியில் படித்துவிட்டு நாம் தனியாக எங்குமே பயன்படுத்தாத அதே ங. இங்கிலாந்து வர்ணனையாளர்கள் 'துய்லாகி' என்று சொல்லும் குடும்பப் பெயர் உண்மையில் துயிலாஙி. தமிழில் எழுதினால் சரியாக வருகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் தவறாகப் படிக்கிறார்கள்.

அந்தத் துயிலாஙி குடும்பம் இந்தக் கதையின் இன்னொரு முகம். சவாயித் தீவிலிருந்து அண்ணன் தம்பிகள் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்கு வந்தார்கள். மூத்தவர்கள் சமோவாவுக்காக ஆடினார்கள். கடைசித் தம்பி மனு, 2004ல் பதின்மூன்று வயதில் சுற்றுலா விசாவில் அண்ணனைப் பார்க்க வந்து, அங்கேயே தங்கிப் படித்து, நாடு கடத்தப்படும் நிலை வரை போய், அனுமதி பெற்று, 2011ல் இங்கிலாந்து தேசிய அணியில் ஆடத் தொடங்கினார். ஒரே வீட்டில் இரண்டு தேசிய கீதம்.

இதிலிருந்து யார் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்ற விதிக்கு வரவேண்டும். லீமாவின் காலத்தில் இந்த விதி மாறிய விதம் சமோவாவின் தலையெழுத்தை மாற்றியது.

முன்பெல்லாம் ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு, பிறகு இன்னொரு நாட்டுக்கும் ஆடலாம். மைக்கேல் ஜோன்ஸ் 1986ல் மேற்கு சமோவாவுக்கு ஆடினார். மறு ஆண்டே நியூசிலாந்துடன் உலகக் கோப்பையை வென்றார். 1991ல் லீமாவோடு ஆடிய ஃபிராங்க் பன்ஸ் 1992ல் நியூசிலாந்துக்குப் போய் அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட டெஸ்ட்கள் (ரக்பியில் தேசிய அணிகள் மோதும் ஆட்டத்துக்கு இந்தப் பெயர்) ஆடினார். ஸ்டீபன் பாச்சாப் 1991ல் சமோவாவுக்கு ஆடி, இடையில் நியூசிலாந்துக்கு ஆடி, 1999ல் மீண்டும் சமோவாவுக்கு வந்தார். அந்த 1999 தொடரில் அவருடைய சொந்தத் தம்பி கிரேம், முன்னாள் நியூசிலாந்து வீரர், ஜப்பான் அணியில் இருந்தார். இரண்டு அணிகளும் ஒரே பிரிவு.

கேலிக்கூத்து போலத் தோன்றும். ஆனால் இந்தத் தளர்ந்த விதி சமோவாவுக்குக் கொடுத்ததும் உண்டு. எடுத்துப் போனவர்கள் திருப்பியும் அனுப்பினார்கள். வாயிங்கா துயிஙாமாலா சமோவாவில் பிறந்து, நியூசிலாந்துக்கு 19 டெஸ்ட் ஆடி, ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக் ஆட இங்கிலாந்தின் விகன் கிளப்புக்குப் போய், 1997ல் நியூகாசில் அணிக்கு 10 லட்சம் பவுண்டு மாற்றுக் கட்டணத்தில் வந்தவர். அது அன்றைய ரக்பி யூனியனில் சாதனைத் தொகை. அத்தகைய ஒருவர் 1999ல் சமோவா ஜெர்சியில் இருந்தார். அந்த அணிதான் கார்டிஃபில், புதிதாகக் கட்டிய மில்லேனியம் மைதானத்தில், தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து வந்த வேல்ஸை 38-31 என்று மறுபடி வீழ்த்தியது. (துயிஙாமாலா பின்னாளில் ஆக்லாந்தில் ஈமச் சடங்கு நிலையம் நடத்தினார். 2022ல் காலமானார்.)

2000 தொடக்கத்தில் கதவு அடைக்கப்பட்டது. ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு டெஸ்ட் ஆடினாலும் ஆயுளுக்கும் அந்த நாடுதான். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பணக்கார அணி ஓர் இளைஞனை ஒரு தரம் களமிறக்கிவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காமலே விட்டுவிடலாம்; அவன் இனிச் சமோவாவுக்கும் இல்லை. 2007 உலகக் கோப்பைக்குப் போன நியூசிலாந்து அணியில் ஜெர்ரி காலின்ஸ், ராட்னி சோஓயாலோ, மில்ஸ் முலியாயினா, கிறிஸ் மாசோ, ஐசாயா டோயாவா என்று ஐந்து பேர் சமோவாவில் பிறந்தவர்கள். அதே தொடரில் சமோவா முதல் சுற்றிலேயே வெளியேறியது.

இதை 'ஆள் திருட்டு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. இவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் பெற்றோரோடு நியூசிலாந்துக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர்கள். ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது வந்த குடும்பங்கள் அவை. தான் படித்த பள்ளி இருக்கிற நாட்டுக்கு ஆட ஒருவன் ஆசைப்பட்டால் அது துரோகமா? போக்குவரத்து மறுபக்கமும் உண்டு. 1991ன் தலைவர் ஃபாத்தியாலோஃபாவும் 1999ன் தலைவர் பாட் லாமும் பிறந்தது ஆக்லாந்தில்தான். நியூசிலாந்தின் பள்ளிகளும் கிளப்புகளும் இல்லாவிட்டால் அந்தச் சமோவா அணிகளே இல்லை. தனிமனிதனின் விருப்பத்தில் குற்றம் காண்பதற்கு எதுவும் இல்லை. இரண்டு ஜெர்சிகளுக்கும் கிடைக்கிற கூலியில் இருக்கிற வித்தியாசம்தான் பேசவேண்டிய விஷயம்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? 2017 நவம்பரில் லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்தும் சமோவாவும் மோதின. 82,000 பேர் உட்காரக்கூடிய இடம். அந்த ஓர் ஆட்டத்துக்கு இங்கிலாந்து வீரருக்குத் தலைக்குச் சுமார் 22,000 பவுண்டு, சமோவா வீரருக்குச் சுமார் 650 பவுண்டு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. சமோவா ரக்பி சங்கம் திவால் என்று, அதன் தலைவராகவும் இருந்த நாட்டின் பிரதமர் அதே மாதம் அறிவித்திருந்தார். உலக ரக்பி அமைப்பு அதை மறுத்தது. இங்கிலாந்து சங்கம் நல்லெண்ணமாக 75,000 பவுண்டு கொடுத்தது. நுழைவுச்சீட்டு விற்ற பணத்தில் பங்கு? விருந்தாளி அணிக்குப் பங்கு கிடையாது. ஆட்டம் யார் ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ச் சங்கத்துக்கே வசூல். நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வருகிறேன், அவரவர் வசூல் அவரவருக்கு என்ற பழைய ஏற்பாடு அது. இரண்டு பேரும் மாறி மாறிப் போனால் நியாயமானதுதான். ஆனால் ஆப்பியாவுக்கு யார் போனார்கள்? நியூசிலாந்து அணி சமோவாவில் முதல் டெஸ்ட் ஆடியது 2015 ஜூலையில். விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாத தூரம். விடுதலை பெற்று 53 ஆண்டு ஆகிவிட்டது. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்து 25-16 என்றுதான் ஜெயிக்க முடிந்தது.

கிளப்புகளின் அழுத்தம் இன்னொரு பக்கம். உலகக் கோப்பைக்கும் குறிப்பிட்ட டெஸ்ட் காலத்துக்கும் கிளப் தன் வீரனை விடுவித்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்தில். நடைமுறையில், "தேசிய அணிக்குப் போக மாட்டேன் என்றால் சம்பளம் இவ்வளவு, போவேன் என்றால் இவ்வளவு" என்று பேரம் நடப்பதாகத் தீவு வீரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். போய்க் காலை முறித்துக்கொண்டு வந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற பயம் வேறு. முப்பது பேரின் வயிற்றுப்பாட்டை ஒரு முழங்கால் தாங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த முழங்காலை 650 பவுண்டுக்குப் பணயம் வைப்பதற்கு என்ன பெயர் சொல்வது?

எல்லாப் பழியையும் பணக்கார நாடுகள் மேல் போடவும் முடியாது. 2011 உலகக் கோப்பைக்குப் பிறகு, அணி நிர்வாகிகள் தொடரை உல்லாசப் பயணமாக நினைத்தார்கள் என்று அணித்தலைவர் மஹோன்ரி ஷ்வால்கர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அணி மேலாளரை அவருடைய கிராம சபையே கூப்பிட்டு 100 பன்றிகள் அபராதம் விதித்தது. உலகின் வேறெந்த நாட்டிலும் விளையாட்டு நிர்வாகத்துக்கு இவ்வளவு நேரடியான தணிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றாமலும் இல்லை. 2014ல் வீரர்கள் நிர்வாகத்தைக் கண்டித்து இங்கிலாந்து ஆட்டத்தையே புறக்கணிக்கும் அளவுக்குப் போனார்கள். கடைசியில் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணி வீரர்களும் மைதானத்தின் நடுவில் வட்டமாக மண்டியிட்டுச் சேர்ந்து ஜெபித்தார்கள்.

இந்தப் பின்னணியில் மறுபடி லீமாவின் டேக்கிளுக்கு வருவோம்.

அவருக்கு ரக்பி உலகம் வைத்த பட்டப்பெயர் 'கைரோபிராக்டர்'. முதுகெலும்பையும் மூட்டையும் பிடித்துத் தட்டி நேராக்குகிறவர். நம்மூர் எலும்புகட்டு வைத்தியர் மாதிரி. லீமா எதிராளியின் எலும்புகளை இடம் மாற்றி வைப்பவர் என்ற கிண்டல். இரசிக்கத்தக்க பெயர்தான். ஆனால் அது ஒரு மனிதனின் முழுத் திறமையையும் மோதலுக்குள் சுருக்கிவிட்டது. அவர் ஓட்டக்காரர். விங்கில் ஆடி ஏராளமான ட்ரைகள் போட்டவர். ஹௌகார்ட் மேல் விழுந்த அந்த அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வலுவைவிடப் பெரியது கணிப்பு. பந்து வீசப்படுவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று பார்த்து, தன் இடத்தை விட்டு, பந்தும் தானும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிற கோட்டில் ஓடத் தொடங்கியிருக்கிறார். கால் நொடி முந்தினால் தவறாட்டம். கால் நொடி பிந்தினால் ஹௌகார்ட் அவரைத் தாண்டிப் போயிருப்பார்.

தீவுக்காரர்கள் என்றால் இடிப்பவர்கள், யோசிப்பவர்கள் வேறு நிறத்தவர்கள் என்ற பழைய எண்ணம் ரக்பி வர்ணனையில் நெடுங்காலம் ஊறிக் கிடந்தது. கிளப்புகளும் அப்படியே வாங்கின. முட்டித் தள்ள ஒரு தீவுக்காரன், ஆட்டத்தை நடத்த ஓர் ஐரோப்பியன். அந்த முட்டலின் விலை உடம்பில் எழுதப்படுகிறது. தலைக் காயங்களைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை. விதிகள் இறுகிவிட்ட இன்றைய ரக்பியில் லீமாவின் புகழ்பெற்ற மோதல்களில் சிலவற்றுக்கு சிவப்பு அட்டை நிச்சயம். இதைச் சொல்வது அவர் புகழைக் குறைக்க இல்லை. அவர் ஆடிய காலம் அப்படி, கைதட்டியவர்களும் நாம்தான்.

2003 தொடரில் 60-10க்கு ஆறு நாள் முன்பு மெல்பர்னில் நடந்ததையும் சொல்லவேண்டும். கோப்பையை வெல்லப்போகிற இங்கிலாந்தை ஆட்டத்தின் பெரும்பகுதி சமோவா பின்னால் நிறுத்தியது. தொடக்கத்திலேயே பந்தைக் கை மாற்றிக் கை மாற்றி, தலைவர் செமோ சித்திதி போட்ட ட்ரை அந்தத் தொடரின் அழகான தருணங்களில் ஒன்று. கடைசிக் கட்டத்தில் மூச்சு வாங்கியது, இங்கிலாந்து 35-22. இதைப் பார்த்தவர்கள் 'சமோவாவுக்குத் திறமை போதாது' என்று சொல்லமாட்டார்கள். அறுபது நிமிடம் ஆடத் திறமை போதும். எண்பது நிமிடம் ஆட, மாற்று ஆட்டக்காரர்கள், பல மாதக் கூட்டுப் பயிற்சி, மீட்சிக்கு நாள் வேண்டும். அவையெல்லாம் விலைக்கு வாங்குகிற பொருள்கள். அடுத்த சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவிடம் 60 வாங்கியது இதே அணிதான்.

சில கதவுகள் தாமதமாகத் திறந்தன. சமோவாவுக்கு உலக ரக்பி ஆட்சிமன்றத்தில் நேரடி இடம் கிடைக்க 2018 ஆனது. 2022 ஜனவரி முதல், மூன்று ஆண்டு எந்தத் தேசிய அணிக்கும் ஆடாமல் இருந்தவர், தான் பிறந்த அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒருமுறை மாறலாம் என்று விதி தளர்ந்தது. அதே 2022ல், சமோவா, டோங்கா வம்சாவளியினரை நம்பி ஆக்லாந்தைத் தளமாகக் கொண்ட மோவானா பசிஃபிகா அணி சூப்பர் ரக்பியில் சேர்க்கப்பட்டது. 1996ல் மறைந்த இடம் 26 ஆண்டு கழித்துத் திரும்பியது, அதுவும் ஆப்பியாவில் இல்லாமல் ஆக்லாந்தில். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் முன்னாள் வீரர் லீமா சொபோவாஙாவும் ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீரர் கிறிஸ்டியன் லேயாலிஇஃபானோவும் சமோவாவுக்கு ஆடினார்கள். பிரான்சின் லில் நகரில் இங்கிலாந்திடம் சமோவா தோற்றது 18-17 என்று. ஒரே ஒரு புள்ளி. விதி இருபது ஆண்டு முன்பே தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த இருபது ஆண்டின் தொடக்கம் பிரையன் லீமாவுடையது. அவர் 2011ல் சர்வதேச ரக்பி வாரியத்தின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். சமோவாவுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட்கள். நியூசிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நீல ஜெர்சிக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தவர். ஒவ்வொரு முறையும் அணியில் தன்னைவிட இளையவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், கூட ஆடியவர்கள் பயிற்சியாளர்களாகவும் வர்ணனையாளர்களாகவும் மாறிவிட்டார்கள்.

2007ல் பாரிஸில் தென்னாப்பிரிக்காவிடம் 59-7. மோந்பெலியேயில் பக்கத்துத் தீவான டோங்காவிடம் 19-15. செப்டம்பர் 22ம் தேதி நாந்த் நகரில் இங்கிலாந்திடம் 44-22. 1995ல் டர்பனிலும் இங்கிலாந்திடம் இதே எண்ணிக்கையில்தான் தோற்றிருந்தார்கள். நாந்தில் லீமா இங்கிலாந்தின் ஜானி வில்கின்சனை உயரமாகப் பிடித்துச் சாய்த்தார். விசாரணை நடந்தது. தடை விதித்தார்கள். நான்கு நாள் கழித்து சாந்த் எத்தியேனில் சமோவா அமெரிக்காவை 25-21 என்று வென்றது, அந்தத் தொடரில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அன்று லீமா களத்தில் இல்லை.